மெம்செட் போட்டால் பாஸ்வேர்டு அழிந்துவிடுமா?

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் கணக்கு முடிக்கும் நேரம். கடைக்காரர் பில்லிங் மென்பொருளைத் திறந்து பாஸ்வேர்டு அடிக்கிறார். திரையில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். என்டர் தட்டியதும் உள்ளே போய்விடுகிறார். அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் அவர் அடித்த எழுத்துகள் இப்போது எங்கே?

நாகர்கோவிலில் எங்கள் அலுவலகத்துக்கு இன்டர்ன்ஷிப் வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால், "செக் பண்ணின உடனே போயிருக்கும்" என்பார்கள். போகாது. கம்ப்யூட்டரின் மெமரியில் அந்த எழுத்துகள் அப்படியே கிடக்கும். கடைக்காரர் மென்பொருளைத் திறந்தே வைத்திருந்தால் ராத்திரி வரைக்கும் கிடக்கும். யாராவது அதே இடத்தில் வேறு எதையாவது எழுதினால்தான் மறையும். எழுதுவார்களா, எப்போது எழுதுவார்கள் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. சி மொழியில் மெம்செட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, மெமரியில் ஓரிடத்தை நிரப்பித் தரும். அதைப் போட்டு நாமே அழித்துவிட்டால் போதுமா என்பதுதான் கேள்வி.

இது ஏன் இப்படி என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சி மொழியில் மெமரி வேண்டும் என்று மாலாக் என்ற ஃபங்ஷனிடம் கேட்கிறோம், வேலை முடிந்ததும் ஃப்ரீ என்ற ஃபங்ஷன் வழியாகத் திருப்பிக் கொடுக்கிறோம். திருப்பிக் கொடுப்பது என்றால் துடைத்துக் கொடுப்பது இல்லை. ரப்பர் கடை வாசலில் ஆர்எஸ்எஸ்-4 ஷீட்டின் அன்றைய விலையைச் சாக்பீஸில் எழுதிப் போடும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். கடை சாத்தும்போது யாரும் அதை அழிப்பதில்லை. "இந்த விலை இனிச் செல்லாது" என்பது கடைக்காரருக்குத் தெரியும், அவ்வளவுதான். நாளைக் காலையில் புது விலை எழுதும்வரை பழைய விலையை ரோட்டில் போகிற யாரும் படிக்கலாம். ஃப்ரீ செய்வதும் அதுதான். லினக்ஸில் பரவலாக இருக்கும் ஜிலிப்சி என்ற சி நூலகம், விடுவிக்கப்பட்ட துண்டின் தொடக்கத்தில் சில பைட்டுகளில் தன் சொந்தக் கணக்குக் குறிப்பை எழுதிக்கொள்ளும். மீதி பைட்டுகளைத் தொடுவதே இல்லை. ஒரு ஃபங்ஷனுக்குள் சாதாரணமாக அறிவித்த வேரியபிளும் அப்படித்தான். அது ஸ்டாக் என்ற தற்காலிக மெமரிப் பகுதியில் இருக்கும். ஃபங்ஷன் முடிந்ததும் ஸ்டாக்கின் முனையைக் காட்டும் பாயிண்டர் நகர்ந்துவிடும். எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"அப்படியென்றால் என் பாஸ்வேர்டை அடுத்த புரோகிராம் படித்துவிடுமா?" என்று கேட்கத் தோன்றும். அந்த அளவுக்குப் பயம் வேண்டாம். விண்டோஸ், லினக்ஸ் எல்லாமே ஒரு புரோகிராம் விட்ட மெமரிப் பக்கத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கும் முன் பூஜ்யத்தால் நிரப்பித்தான் கொடுக்கின்றன. சிக்கல் வருவது வேறு வழிகளில்.

முதல் வழி, நம் புரோகிராமே வாயைவிட்டு உளறுவது. இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை. இணையத் தொடர்பை என்கிரிப்ட் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஒரு சின்னச் சரிபார்ப்பு விடுபட்டுப்போயிருந்தது. அதனால் வெளியில் இருந்து ஒருவர் ஒரு செய்தி அனுப்பினால், சர்வர் தன் மெமரியில் இருந்து 64 கேபி வரை அள்ளி அவருக்கே திருப்பி அனுப்பிவிடும். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். வேறு யாரோ சற்றுமுன் லாகின் செய்த பாஸ்வேர்டு, குக்கி என்று கிடந்ததெல்லாம் வந்தது. சர்வரின் ரகசிய என்கிரிப்ஷன் சாவியே கிடைக்குமா என்று சந்தேகம் வந்தபோது கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் ஒரு சர்வரை வைத்து, முடிந்தால் எடுத்துப் பாருங்கள் என்று போட்டி அறிவித்தது. அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். வேலை முடிந்ததும் துடைத்திருந்தால் ஹார்ட்பிளீட் இருந்திருக்காது என்று சொல்லவில்லை. ஓட்டை இருந்தே இருக்கும். ஓட்டை வழியே கொட்டியது குறைந்திருக்கும்.

இரண்டாவது வழி டம்ப் ஃபைல். இது நம்ம ஊர்ச் சின்ன நிறுவனங்களில் தினமும் நடப்பது. கடையில் மென்பொருள் கிராஷ் ஆகிறது. "அண்ணாச்சி, அந்த டம்ப் ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பாத்திருதேன்" என்கிறோம். அவரும் அனுப்புகிறார். அந்த ஃபைல் என்பது கிராஷ் ஆன நொடியில் புரோகிராமின் மெமரியை எடுத்த நகல். பாஸ்வேர்டு அதற்குள் இருக்க வாய்ப்பு உண்டு. இப்போது அது கடைக்காரர் ஃபோனில், நம் ஃபோனில், நாம் ஃபார்வர்டு செய்த நண்பரின் ஃபோனில்.

மூன்றாவது, மெமரி டிஸ்குக்குப் போவது. மெமரி நெருக்கடி வந்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் கொஞ்சம் பக்கங்களை டிஸ்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளும். ஹைபர்னேட் ஆனால் மொத்த மெமரியையும் டிஸ்கில் எழுதிவிடும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ரப்பர் மரம் சாய்ந்து லைன் அறுந்து கரண்ட் போகிற மாவட்டம் இது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப்பில் சார்ஜ் இறங்க இறங்க, கடைசியில் அது தானாகவே ஹைபர்னேட் ஆகும். திறந்து வைத்திருந்த பாஸ்வேர்டு மேனேஜரும் அந்த நகலில் இருக்கும். டிஸ்கை என்கிரிப்ட் செய்யாமல் அந்த லேப்டாப்பைப் பழையதுக்கு விற்றால், வாங்குகிறவருக்கு அதுவும் சேர்ந்து போகும்.

நான்காவது ஒன்று இருக்கிறது, கொஞ்சம் சினிமாத்தனமானது. ராம் சிப்பில் இருப்பது கரண்ட் போன கணமே அழிந்துவிடாது, மெல்ல மங்கும். 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், தூசி ஊதும் ஸ்ப்ரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ராம் சிப்பை மைனஸ் 50 டிகிரி வரை குளிர்வித்தார்கள். அப்படிச் செய்தால் கரண்ட் இல்லாமலேயே நிமிடக்கணக்கில் உள்ளடக்கம் நிற்கிறது என்றும், அதிலிருந்து டிஸ்க் என்கிரிப்ஷன் சாவிகளை எடுக்கலாம் என்றும் காட்டினார்கள். குலசேகரம் ரப்பர் கடைக்கு யாரும் ஸ்ப்ரே டப்பாவோடு வரப்போவதில்லை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

சரி, வேலை முடிந்ததும் நாமே அழித்துவிடலாம் என்றால், சி படித்தவர்கள் கை முதலில் போவது மெம்செட்டுக்கு. இந்த இடத்திலிருந்து இத்தனை பைட்டை பூஜ்யமாக்கு என்று ஒரே வரி. பார்க்க நியாயமாக இருக்கிறது. சிக்கலே இங்கேதான்.

தக்கலையிலிருந்து வரும் ஒரு பெண் எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ஃபங்ஷன் எழுதி, கடைசி வரியில் மறக்காமல் மெம்செட் போட்டிருந்தாள். புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கரில் நிறுத்திப் பார்த்தாள், மெமரி முழுக்கப் பூஜ்யம். நான் அதே புரோகிராமை, வேகத்துக்காகச் செதுக்கும் ஓ-2 ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்து, வந்த அசெம்பிளியை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகளைப் படிக்கச் சொன்னேன். மேலும் கீழும் இரண்டு தடவை ஸ்க்ரோல் செய்தாள்.

"அண்ணா, என் மெம்செட்டைக் காணல."

"கம்பைலர் தூக்கிப் போட்டாச்சு மக்கா."

"அப்பம் டீபக்ல இருந்துதே?"

அதுதான் விஷயம். சோதித்துப் பார்ப்பதற்கான டீபக் பில்டில் கம்பைலர் நாம் எழுதியதை எழுதியபடி மொழிபெயர்க்கிறது. வெளியே கொடுப்பதற்கான ரிலீஸ் பில்டில் யோசிக்கிறது. இந்த வேரியபிளில் பூஜ்யம் எழுதுகிறார்கள், அதற்குப் பிறகு யாருமே இதைப் படிக்கவில்லை, ஃபங்ஷனும் முடியப்போகிறது. படிக்காத இடத்தில் எதற்கு எழுத வேண்டும்? என்று அந்த வரியையே எடுத்துவிடுகிறது. டெட் ஸ்டோர் எலிமினேஷன் என்பது இதன் பெயர். அது செய்வதில் தப்பு இல்லை. சி மொழியின் தரநிலை, புரோகிராமின் வெளியே தெரியும் நடத்தை மாறக்கூடாது என்று மட்டும்தான் கம்பைலரிடம் கேட்கிறது. மெமரிக்குள் மிச்சம் கிடக்கும் எழுத்துகள் அந்தக் கணக்கில் வராது. 2002-லேயே இதை ஜிசிசி கம்பைலரின் பிழையாக ஒருவர் பதிந்தார். பிழை இல்லை என்று மூடிவிட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், மூடியது சரி. ரகசியம் எது, சாதா வேரியபிள் எது என்று கம்பைலருக்கு நாம்தான் சொல்லவில்லை.

சொல்வதற்கு இப்போது நல்ல வழிகள் வந்துவிட்டன. விண்டோஸில் செக்யூர்ஜீரோமெமரி என்ற பெயரில் ரொம்ப நாளாகவே இருக்கிறது. ஓப்பன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் 2014-இல் எக்ஸ்ப்ளிசிட் பிஜீரோ என்ற ஃபங்ஷனைக் கொண்டுவந்தது. 2017-இல் ஜிலிப்சியின் 2.25 பதிப்பும் அதைச் சேர்த்துக்கொண்டது. இதைக் கூப்பிட்டால் கம்பைலர் நீக்காது என்பது உத்தரவாதம். சி11 தரநிலை மெம்செட் எஸ் என்று ஒன்றைக் கொடுத்தது. ஆனால் விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற பின்னிணைப்பில் வைத்ததால் ஜிலிப்சி அதைத் தொடவே இல்லை. பிறகு சி23 தரநிலையில் மெம்செட் எக்ஸ்ப்ளிசிட் வந்திருக்கிறது. நூலகங்களும் தங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கின்றன: லிப்சோடியத்தில் சோடியம் மெம்ஜீரோ, ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஓப்பன்எஸ்எஸ்எல் கிளென்ஸ், ரஸ்ட் மொழிக்கு ஜீரோயிஸ். உள்ளே ஒவ்வொன்றும் ஒவ்வொரு உத்தி. ஓப்பன்எஸ்எஸ்எல் செய்வது வேடிக்கையானது: மெம்செட்டின் முகவரியை வாலடைல் என்று குறித்த ஒரு பாயிண்டரில் போட்டுவைத்து, அதன் வழியாகக் கூப்பிடுகிறது. அந்தப் பாயிண்டர் எந்த ஃபங்ஷனைக் காட்டுகிறது என்று கம்பைலரால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் நீக்கவும் துணிவு வராது. இப்படி ஒன்றை நீங்களே எழுத முடியும்தான். ஆனால் இருப்பதைப் பயன்படுத்துவதே நல்லது. அடுத்த கம்பைலர் பதிப்பு நம்மைவிடப் புத்திசாலியாக இருக்கும்.

சரியான ஃபங்ஷனைக் கூப்பிட்டும் கோட்டைவிட இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அளவு. பாஸ்வேர்டு இருக்கும் அரேயை அதே ஃபங்ஷனில் வைத்து சைஸ்ஆஃப் கேட்டால் 64 என்றால் 64 வரும். அதையே இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்பி, அங்கே சைஸ்ஆஃப் கேட்டால் வருவது பாயிண்டரின் அளவு, அதாவது 64 பிட் கம்ப்யூட்டரில் 8. பாஸ்வேர்டின் முதல் எட்டு எழுத்து அழியும், மீதி நிற்கும். பதினாலு எழுத்துப் பாஸ்வேர்டில் கடைசி ஆறு எழுத்தைச் சும்மா கொடுத்தால் போதாதா? இரண்டாவது, பாதியில் வெளியேறும் வழிகள். "யூசர் இல்லை" என்றதும் ரிட்டர்ன், "நெட்வொர்க் இல்லை" என்றதும் ரிட்டர்ன் என்று நடுவில் நாலு ரிட்டர்ன் இருக்கும். அழிக்கும் வரி கடைசியில் ஒன்றே ஒன்று இருக்கும். சி-யில் எல்லா வழியும் ஒரே முடிவிடத்துக்கு வரும்படி, வேறு வரிக்குத் தாவும் கோடூ கட்டளையைப் போட்டு, அங்கே அழிப்பது பழைய நல்ல வழக்கம். கோடூ கெட்டது என்று கல்லூரியில் சொல்லித்தந்திருந்தாலும் இங்கே தயங்க வேண்டாம். சி++, ரஸ்ட் என்றால், வேரியபிளின் ஆயுள் முடியும்போது தானாக ஓடும் டிஸ்ட்ரக்டரிலோ டிராப்பிலோ அழிக்கும் வேலையை வைத்துவிடலாம், எந்த வழியில் வெளியே போனாலும் அது நடக்கும்.

இவ்வளவு செய்தும் நாம் அழித்தது ஒரு பிரதியைத்தான். அழிப்பதைவிட, எத்தனை பிரதி எங்கெங்கே இருக்கிறது என்று தெரிவதுதான் உண்மையான பாடு. ஒரு சின்ன புரோகிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்கெட்ஸ் என்ற வாசிக்கும் ஃபங்ஷன் மூலம் பாஸ்வேர்டை வாங்குகிறீர்கள். உங்கள் அரேக்கு வரும் முன் அது ஸ்டாண்டர்டு இன்புட்டுக்கென்று நூலகம் வைத்திருக்கும் பஃபரில் இறங்கியது. உங்கள் அரேயை அழித்துவிட்டீர்கள். பஃபரில் உள்ளது அங்கேயே. நீளம் போதவில்லை என்று ரீயாலக் ஃபங்ஷனால் இடத்தைக் கூட்டினால், அது புது இடத்துக்கு எழுத்துகளை நகல் எடுத்துவிட்டு, பழைய இடத்தைத் துடைக்காமல் விட்டுவிடலாம். சி++ ஸ்ட்ரிங் எழுத்தெழுத்தாக வளரும்போதும் உள்ளுக்குள் இதே கதை. ஒரு ஸ்ட்ரக்சரை மதிப்பாக அனுப்பினால் இன்னொரு நகல். லாக் ஃபைலில் "லாகின் முயற்சி" என்று எழுதும் வரி பாஸ்வேர்டையும் சேர்த்து எழுதினால், அது டிஸ்கில் கல்வெட்டு. இதெல்லாம் போக, கணக்குப் போடும்போது சிபியுவின் ரெஜிஸ்டர்களிலும், இடம் போதாமல் கம்பைலர் ஸ்டாக்கில் ஒதுக்கி வைக்கும் தற்காலிக மூலைகளிலும் துண்டு துண்டாகக் கிடக்கும். அங்கே சி மொழியில் இருந்து கை எட்டாது. எக்ஸ்ப்ளிசிட் பிஜீரோவின் மேனுவலே இதை ஒளிக்காமல் சொல்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய், ரெஜிஸ்டரில் மட்டும் இருந்து முடிந்திருக்கக்கூடிய ஒரு மதிப்பு, இந்த ஃபங்ஷனுக்கு முகவரி கொடுக்க வேண்டும் என்பதற்காகவே மெமரிக்கு வந்துவிடலாம் என்றும் எச்சரிக்கிறது.

ஜாவா, பைத்தான், சி-ஷார்ப் எழுதுபவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பாடு இன்னும் மோசம். அந்த மொழிகளில் ஸ்ட்ரிங்கை உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. மாற்ற முடியாததை அழிக்கவும் முடியாது. பயன்படாத மெமரியைத் திரும்பச் சேர்க்கும் கார்பேஜ் கலெக்டர் எப்போதாவது வந்து இடத்தை எடுத்துக்கொள்ளும். ஜாவாவிலும் சி-ஷார்ப்பிலும் அது வரும் வழியில் பொருள்களை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தி, பழைய இடத்தில் சுவடை விட்டுப்போகவும் செய்யும். அதனால்தான் ஜாவாவின் பாஸ்வேர்டு பெட்டி ஸ்ட்ரிங்கைக் கொடுக்காமல் கேரக்டர் அரேயைக் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் நாமே அதை நிரப்பிவிடலாம். பைத்தானில் பைட்அரே அப்படி மேலெழுத இடம் தரும். சி-ஷார்ப்பில் செக்யூர்ஸ்ட்ரிங் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் புதிதாக எழுதும் மென்பொருளில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது.

இதில் அனுபவசாலிகளும் எப்படிச் சறுக்குவார்கள் என்பதற்குக் கீபாஸ் நல்ல சாட்சி. பாஸ்வேர்டுகளைப் பாதுகாப்பதற்கென்றே எழுதிய மென்பொருள், மெமரியைப் பற்றி ரொம்பவே கவலைப்பட்டு எழுதியது. 2023-இல் அதன் 2-ஆம் வரிசைப் பதிப்புகளில் ஒரு குறை வெளிவந்தது. மாஸ்டர் பாஸ்வேர்டை அடிக்கும் பெட்டியில், ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும், முன்னே கறுப்புப் புள்ளிகளும் கடைசியில் அந்த எழுத்துமாக ஒரு ஸ்ட்ரிங் உருவாகி மெமரியில் தங்கியது. ஒரு புள்ளிக்குப் பின் இருப்பது இரண்டாவது எழுத்து, இரண்டு புள்ளிக்குப் பின் இருப்பது மூன்றாவது எழுத்து. மெமரி டம்ப் ஒன்று கையில் இருந்தால் முதல் எழுத்தைத் தவிர மிச்சத்தைக் கோத்துவிடலாம். 2.54 பதிப்பில் சரிசெய்தார்கள். பாஸ்வேர்டை மறைக்கப் போட்ட புள்ளிகளே அதன் எழுத்துகளை வரிசைப்படுத்த உதவும் என்று யாருக்குத் தோன்றும்?

இதையெல்லாம் எல்லா மென்பொருளிலும் செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். ஒரு வேலையைச் செய்து அரை நொடியில் முடிந்துபோகிற புரோகிராமுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. நாள்கணக்கில் ஓடும் சர்வர், பாஸ்வேர்டு மேனேஜர், என்கிரிப்ஷன் சாவியைக் கையாளும் எதுவானாலும் செய்தே தீர வேண்டும். பில்லிங் மென்பொருள் நடுவில் வரும். அங்கே மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தால் முதலில் அந்தச் சீட்டைக் கிழிப்பது மெம்செட்டைவிட நல்ல பாதுகாப்பு.

செய்வதென்று முடிவெடுத்தால் வரிசை இப்படி இருக்கட்டும். ரகசியம் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும்படி தொடக்கத்திலேயே இடம் ஒதுக்குங்கள், நீளத்தைப் பின்னால் கூட்டாதீர்கள். வாங்கிய கையோடு ஆர்கான்2 மாதிரியான ஒன்றில் ஹாஷ் செய்துவிட்டு, அதாவது மூலத்தைத் திரும்பப் பெற முடியாத வடிவுக்கு மாற்றிவிட்டு, மூலத்தை அழித்துவிடுங்கள். "பிறகு தேவைப்படும்" என்று வைத்திருக்கும் பாஸ்வேர்டு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அந்தப் பக்கம் ஸ்வாப்புக்குப் போகாமல் இருக்க லினக்ஸில் எம்லாக், விண்டோஸில் விர்ச்சுவல்லாக் இருக்கின்றன. இரண்டாலும் ஹைபர்னேட்டைத் தடுக்க முடியாது, அதற்கு டிஸ்க் என்கிரிப்ஷன்தான் வழி. லினக்ஸில் கிராஷ் டம்பில் அந்தப் பக்கம் சேராமல் இருக்க எம்அட்வைஸில் டோன்ட்டம்ப் என்று ஒரு குறியும் உண்டு.

செய்தது வேலை செய்கிறதா என்று பார்ப்பது கஷ்டம் இல்லை. ரிலீஸ் பில்டை ஓட்டி லாகின் செய்யுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜிடிபி என்ற டீபக்கருடன் வரும் ஜிகோர் கட்டளையால் அதன் மெமரியை ஒரு ஃபைலாக எடுங்கள். அதை, ஃபைலில் உள்ள எழுத்துகளைப் பொறுக்கித் தரும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளைக்குக் கொடுத்து, கிரெப் என்ற தேடும் கட்டளையால் உங்கள் பாஸ்வேர்டைத் தேடுங்கள். தக்கலைப் பெண் தன் புரோகிராமை, அரேயை ஒழுங்காக அழித்த பிறகு இப்படிச் சோதித்தபோது அது இன்னும் கிடைத்தது. தேடிப்போனால் அந்த இன்புட் பஃபர். பஃபரே இல்லாமல் ரீட் சிஸ்டம் கால் வழியாக நேரே தன் அரேக்கு வாங்கும்படி மாற்றினாள், காணாமல் போனது. விண்டோஸ் மென்பொருள், டாட்நெட் என்றால் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் வரும், சாதாரணத் தேடலில் சிக்காது. ஸ்ட்ரிங்ஸிடம் 16 பிட் எழுத்துகளைத் தேடச் சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனைக்கு உங்கள் நிஜப் பாஸ்வேர்டை மட்டும் பயன்படுத்தாதீர்கள். கிரெப்புக்குக் கொடுத்தது ஷெல்லின் ஹிஸ்டரி ஃபைலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்த்து முடித்ததும் அந்த டம்ப் ஃபைலையும் நீக்கிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பிவிடாமல்.